மத்திய கைலாஷ் முதல் சிறுசேரி வரை: ஒரு சாலையைப் பற்றிய மதிப்புரை

என் அண்ணன் மகளுக்குச் சென்னைக்குத் தெற்கே சிறுசேரியில் உள்ள மென்பொருள் நிறுவனம் ஒன்றில் வேலை கிடைத்திருக்கிறது. "அத்தை, ஓ.எம்.ஆர்.ல எந்த இடத்துல வீடு பார்த்தா நல்லது?" என்று திருநெல்வேலியிலிருந்து அவள் தொலைபேசியில் கேட்டபோது, ஒரே வரியில் பதில் சொல்ல என்னால் முடியவில்லை. 2004-ஆம் ஆண்டு தரமணியில் முதல் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து, இரண்டு பேறுகால விடுப்புகளையும் பெருந்தொற்றுக் காலத்தையும் கழித்துவிட்டுப் பார்த்தால், ஏறக்குறைய ஒவ்வொரு வேலை நாளிலும் நான் இந்தச் சாலையில்தான் போய் வந்திருக்கிறேன். பேருந்து, ஷேர் ஆட்டோ, நிறுவனத்தின் வேன், கணவரின் இருசக்கர வாகனம் என்று எல்லா வகையிலும் இதைப் பயன்படுத்தியிருக்கிறேன். அவளுக்குச் சொல்ல நினைத்தவற்றைப் புதிதாக இங்கே வேலைக்கு வரும் மற்றவர்களுக்கும் பயன்படும் வகையில் எழுதி வைக்கிறேன். பணம் வாங்கிக்கொண்டு தரப்படும் வசதியைச் சேவை என்று சொல்வோமானால், பதினைந்து ஆண்டுகள் சுங்கம் வசூலித்த இந்தச் சாலையையும் ஒரு சேவையாகவே மதிப்பிட வேண்டும் என்பது என் எண்ணம்.

பழைய மகாபலிபுரம் சாலை என்பது இதன் பழைய பெயர். ராஜீவ் காந்தி சாலை என்பது அரசு வைத்த பெயர். வாயில் வருவது பழைய பெயரின் ஆங்கிலச் சுருக்கமான ஓ.எம்.ஆர். மட்டுமே. அடையாற்றின் தெற்கே மத்திய கைலாஷ் கோயில் சந்திப்பில் தொடங்கிச் சிறுசேரி வரை சுமார் 20 கிலோமீட்டர் தூரத்துக்கு ஆறுவழிச் சாலையாக அமைக்கப்பட்ட பகுதிதான் தகவல் தொழில்நுட்பப் பெருவழி எனப்படுவது. அதற்குத் தெற்கே கேளம்பாக்கம், திருப்போரூர் வழியாக மாமல்லபுரம் வரை சாலை நீள்கிறது என்றாலும், இந்த மதிப்புரை அந்த முதல் 20 கிலோமீட்டரைப் பற்றியது.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது டைடல் பூங்காவுக்கு நான்கு வயது. 1997-இல் தமிழ்நாடு அரசு தகவல் தொழில்நுட்பத்துக்கென்று தனிக் கொள்கை ஒன்றை அறிவித்தது. அதைத் தொடர்ந்து டிட்கோ, எல்காட் என்ற இரண்டு அரசு நிறுவனங்களும் சேர்ந்து தரமணியில் எழுப்பிய அந்தக் கட்டடம் 2000 ஜூலையில் திறக்கப்பட்டது. பன்னிரண்டு லட்சம் சதுர அடிக்கும் மேலான இடத்தை ஒரே கூரையின் கீழ், மின்சாரமும் இணைய இணைப்பும் தடைபடாத உறுதியோடு வாடகைக்குத் தந்தது அந்நாளில் பெரிய செய்தி. அதைத் தாண்டித் தெற்கே போனால் சாலை குறுகி இரண்டு வழியாகிவிடும். பெருங்குடிக்கு அப்பால் வயலும் பனையும் தரிசும் மாறி மாறி வரும். கேளம்பாக்கத்தை நெருங்கினால் உப்பளங்களில் குவித்த உப்பு வெயிலில் கண்ணைக் கூசச் செய்யும். துரைப்பாக்கத்தில் இறங்கவேண்டும் என்று நடத்துநரிடம் சொன்னால், "அங்க என்னம்மா வேலை?" என்று கேட்ட காலம் அது.

எதனால் இந்த வட்டாரத்தைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதற்குப் பலரும் சொல்வது நிலம் மலிவாகக் கிடைத்தது என்ற ஒன்றைத்தான். அது உண்மையே என்றாலும் முழுக் காரணம் அன்று. சாலையின் வட முனையில் ஐ.ஐ.டி.யும் அதை ஒட்டித் தரமணியின் ஆராய்ச்சி நிறுவனங்களும் முன்பே இருந்தன. தெற்கே செம்மஞ்சேரியிலும் படூரிலும் காலவாக்கத்திலும், மென்பொருள் என்ற சொல்லே ஊருக்குள் வராத எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும், பொறியியல் கல்லூரிகள் எழும்பிவிட்டன. படிப்பவர்கள் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை ஏற்கெனவே இருந்த சாலையில் வேலை வந்து சேர்ந்தது என்றுதான் நான் சொல்வேன். அரசும் தன் பங்குக்குச் சோழிங்கநல்லூரில் எல்காட் வளாகத்தையும் சிறுசேரியில் தொழிற்பேட்டைகளை அமைக்கும் அரசு நிறுவனமான சிப்காட்டின் பூங்காவையும் ஏற்படுத்தி, பெரிய நிறுவனங்களுக்கு நூற்றுக்கணக்கான ஏக்கரில் இடம் ஒதுக்கியது. சிறுசேரியில் டாடா கன்சல்டன்சி வளாகத்தின், வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்தது போன்ற கட்டடங்களை முதன்முதலில் பார்த்த அன்று, பேருந்தில் எனக்குப் பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர் சன்னலுக்குக் குனிந்து, அது மறையும் வரை பார்த்துக்கொண்டே வந்தார்.

2008 அக்டோபரில் ஆறுவழிச் சாலை திறக்கப்பட்டது. அதன் தரத்தைப் பற்றிச் சொல்வதானால், ஓடுதளம் அன்றைய சென்னையில் இருந்தவற்றுள் மிகச் சிறந்தது. இதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. ஒன்றேகால் மணி நேரம் ஆன பயணம் சில மாதங்களில் நாற்பது நிமிடமாகச் சுருங்கியது. கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த எனக்கு அந்த முப்பத்தைந்து நிமிடம் எவ்வளவு பெரியது என்பதை விளக்கத் தேவையில்லை. இந்தச் சாலை இல்லாமல் இத்தனை ஆயிரம் குடும்பங்கள், அதிலும் மாவட்டங்களிலிருந்து முதல் தலைமுறைப் பட்டதாரிகளாக வந்தவர்கள், இந்த நகரத்தில் காலூன்றியிருக்க முடியாது என்று உறுதியாக நம்புகிறேன். இனி நான் சொல்லும் குறைகளை இந்த நன்றியோடு சேர்த்தே படிக்க வேண்டும்.

முதல் குறை, இந்தச் சாலை நீளவாட்டில் போகிறவர்களுக்காக மட்டும் அமைந்தது என்பது. குறுக்கே கடக்கிறவர்களை இது நினைத்துப் பார்க்கவில்லை. காரப்பாக்கத்தில் நான் வேலை பார்த்த நான்கு ஆண்டுகளில், அலுவலகம் சாலையின் ஒரு பக்கம், நாங்கள் மதியம் சாப்பிடும் மெஸ் எதிர்ப் பக்கம். நேராக நடந்தால் அறுபது தப்படிதான் இருக்கும். ஆனால் நடுவே இடுப்பளவுத் தடுப்பு, அதற்கு இருபுறமும் மூன்று மூன்று தடங்களில் வாகனங்கள். அடையாள அட்டையைச் சட்டைப் பைக்குள் செருகிக்கொண்டு, பத்துப் பேர் சேரும் வரை காத்திருந்து, கையை நீட்டி வண்டிகளை நிறுத்தியபடி ஒரு கூட்டமாகக் கடப்போம். தடுப்பில் யாரோ இரும்புக் கம்பியை வளைத்து உண்டாக்கிய இடைவெளி ஒன்று இருந்தது. அதன் இரு விளிம்பும் எத்தனையோ ஆயிரம் கைகள் பட்டுப் பட்டு வண்ணம் உதிர்ந்து பளபளத்துக் கிடந்தன. அந்தக் கம்பியைப் பிடித்துத் தாண்டும்போது எங்கள் குழுவில் ஒரு பெண்ணுக்குக் கணுக்கால் முறிந்தது. ஆறு வாரம் கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டில் இருந்தாள். வாகனம் வைத்திருப்பவருக்கும் இதே தொல்லை வேறு வடிவில் உண்டு: எதிர்ப் பக்கத்துக் கடைக்குப் போக ஒரு கிலோமீட்டருக்கு மேல் சென்று, யு-டர்ன் எடுத்து, மீண்டும் வர வேண்டும். இந்திரா நகர் சந்திப்பிலும் டைடல் சந்திப்பிலும் இப்போது யு வடிவ மேம்பாலங்கள் வந்திருக்கின்றன. வட முனையில் அவற்றால் நெரிசல் ஓரளவு குறைந்திருப்பதை நானே உணர்கிறேன். நடந்து கடப்பவருக்கு அவற்றால் பயன் எதுவும் இல்லை.

இரண்டாவது குறையைப் புரிந்துகொள்ள நிலத்தின் அமைப்பைப் பார்க்க வேண்டும். சாலைக்குக் கிழக்கே பக்கிங்காம் கால்வாய், மேற்கே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். இரண்டு நீர்நிலைகளுக்கு நடுவே ஓடும் மேட்டு நிலப் பட்டை ஒன்றின் மீதுதான் இத்தனை கட்டடங்களும் நிற்கின்றன. அதனால்தான் எவ்வளவு வளர்ந்தாலும் இந்த வட்டாரத்துக்கு முதுகெலும்பாக ஒரே ஒரு சாலை மட்டும் இருக்கிறது. இணையாக இன்னொன்று போட இடம் இல்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் குடியிருப்பவர் மொட்டை மாடியில் நின்று தன் அலுவலகத்தைப் பார்க்கலாம், ஆனால் கால்வாயைக் கடந்து அங்கே போக வடக்கே திருவான்மியூருக்கோ தெற்கே சோழிங்கநல்லூருக்கோ சுற்றிக்கொண்டு வர வேண்டிய நிலைதான் நெடுங்காலம் இருந்து வந்திருக்கிறது. சோழிங்கநல்லூர் சந்திப்பில் காலை எட்டரை மணிக்கு ஏன் அவ்வளவு வண்டிகள் என்று கேட்பவர்களுக்கு இதுதான் விடை: நான்கு திசை மக்களும் கடந்தாக வேண்டிய வாசல் அது.

தண்ணீரின் வழியும் இதே சிக்கலில் அகப்பட்டுக்கொண்டது. தென்சென்னையின் முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகளின் உபரி நீர் பள்ளிக்கரணைக்கு வந்து, அங்கிருந்து ஒக்கியம் மடுவு என்ற நீர்வழி மூலம் பக்கிங்காம் கால்வாயில் சேர்ந்து, முட்டுக்காட்டு முகத்துவாரத்தில் கடலை அடைகிறது. நீர் மேற்கிலிருந்து கிழக்கே போக வேண்டும். சாலையோ வடக்கிலிருந்து தெற்கே படுத்திருக்கிறது. பெருமழையில் சாலையே ஒரு கரையாகிவிடுகிறது. ஒரு காலத்தில் சுமார் 5,000 ஹெக்டேர் பரந்திருந்ததாகச் சொல்லப்படும் சதுப்பு நிலத்தில், 2022-இல் ராம்சர் தலமாக, அதாவது பன்னாட்டுச் சிறப்புடைய ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டபோது மிஞ்சியிருந்தது ஏறத்தாழ 1,250 ஹெக்டேர். இழந்த நிலத்தில் குப்பைக் கிடங்கும் அரசு அலுவலகங்களும் குடியிருப்புகளும் நிறுவனங்களும் இருக்கின்றன. இவற்றுள் எது முதல் குற்றவாளி என்று நான் வாதாட வரவில்லை. நான் சம்பளம் வாங்கிய கட்டடங்களும் இந்தப் பட்டியலுக்கு வெளியே இல்லை என்பதை மட்டும் சொல்லியாக வேண்டும்.

2023 டிசம்பர் 4-ஆம் நாள் மிக்ஜாம் புயல் மழையின்போது நாங்கள் தாழம்பூர்ப் பக்கம் ஓர் அடுக்குமாடியில் வாடகைக்கு இருந்தோம். 'ஏரியைப் பார்த்த வீடு' என்று விளம்பரப்படுத்தி அந்தக் குடியிருப்பை விற்றிருந்தார்கள். பிற்பகலில் வாகன நிறுத்துமிடத்துக்கு வந்த தண்ணீர், இரவு எட்டு மணிக்கு மின்தூக்கியின் கதவைத் தொட்டது. ஜெனரேட்டர் தரைத்தளத்தில் இருந்ததால் முதலில் அணைந்தது அதுதான். மூன்றாம் நாள் காலை, தொடை வரையிலான தண்ணீரில் என் கணவரும் நானும் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஓ.எம்.ஆருக்கு நடந்தோம். சாலைக்கு வந்ததும் காலுக்கடியில் தார் தட்டுப்பட்ட அந்தக் கணத்தை நான் மறக்கமாட்டேன். அந்த உயரம் எங்களைக் காப்பாற்றியது. அதே உயரம்தான் எங்களுக்குப் பின்னால் தண்ணீரையும் தேக்கி வைத்திருந்தது.

இதற்கு நேர் எதிரான கோடைகாலத்தையும் இங்கே வருபவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 2019 ஜூனில் நகரத்தின் ஏரிகள் வற்றியபோது, அலுவலகத்துக்கு வராமல் வீட்டிலிருந்தே வேலை செய்யுமாறு இச்சாலையின் நிறுவனங்கள் சில ஊழியர்களைக் கேட்டுக்கொண்டன. பெருங்குடி முதல் செம்மஞ்சேரி வரையிலான ஊர்கள் 2011-இல்தான் மாநகராட்சியில் சேர்க்கப்பட்டன. கட்டடங்கள் முதலில் வந்து, குடிநீர்க் குழாயும் பாதாளச் சாக்கடையும் பல ஆண்டுகள் கழித்துத் தெருத் தெருவாக வரத் தொடங்கின. நெம்மேலியில் 2013-இல் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையமும், 2024-இல் 15 கோடி லிட்டர் திறனுள்ள இரண்டாம் நிலையமும் திறக்கப்பட்டும், டேங்கர் லாரியை நம்பியிருக்கும் குடியிருப்புகள் இன்றும் ஏராளம். வாடகை பேசும்போது, பராமரிப்புக் கட்டணத்தில் லாரித் தண்ணீர் அடங்குமா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். எங்கள் முதல் வீட்டின் தரகர் வாய்வார்த்தையாக அடங்கும் என்றார். ஏப்ரல் மாதம் வந்த கணக்குச் சீட்டில் தண்ணீருக்கென்று தனியாக ஒரு தொகை இருந்தது.

பேருந்துச் சேவையைப் பற்றி எனக்கு நல்ல கருத்து உண்டு. 19, 102, 570 ஆகிய தடங்கள் இந்தச் சாலையின் உயிர்நாடி. 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் போகலாம் என்ற ஏற்பாடு வந்த பிறகு, எங்கள் வளாகங்களில் துப்புரவுப் பணிக்கும் சமையற்கட்டு வேலைக்கும் வரும் பெண்களின் முகத்தில் தெரிந்த நிம்மதியை நான் நேரில் பார்த்தேன். அவர்களில் பலர் கண்ணகி நகரிலிருந்தும் செம்மஞ்சேரியிலிருந்தும் வருபவர்கள். நகரத்தின் ஆற்றங்கரைகளிலிருந்தும், சுனாமிக்குப் பிறகு கடற்கரைகளிலிருந்தும் பெயர்க்கப்பட்டு இங்கே குடியமர்த்தப்பட்ட குடும்பங்கள் அவர்களுடையவை. தொழில்நுட்ப வட்டாரம் என்றால் கண்ணாடிக் கட்டடத்தையே படமெடுத்துப் போடுகிறார்கள். அந்தக் கண்ணாடியைத் துடைப்பவர் எங்கே குடியிருக்கிறார் என்பதும் இந்த வளர்ச்சிக் கதையின் பாதி. எங்கள் தளத்தைச் சுத்தம் செய்யும் அக்கா ஒருவர், "மாசம் பஸ்ஸுக்குப் போன காசு இப்ப பொண்ணு டியூசனுக்குப் போவுது" என்றார். இந்தச் சாலையில் கடந்த சில ஆண்டுகளில் செய்யப்பட்ட மாற்றங்களில் எது மிகப் பயனுள்ளது என்று என்னைக் கேட்டால், எந்த மேம்பாலத்தையும் விட இதைத்தான் சொல்வேன். ஆனால் பேருந்துகளின் எண்ணிக்கை போதவில்லை. காலை எட்டிலிருந்து பத்து வரை சோழிங்கநல்லூருக்கு மேல் ஏற நினைப்பவர் படியில்தான் நிற்க வேண்டியிருக்கும்.

பறக்கும் ரயில் எனப்படும் உயர்மட்டப் பாதை ரயிலை நம்பி வீடு பார்ப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. திருவான்மியூர் நிலையம் டைடல் பூங்காவுக்கு மிக அருகில் இருக்கிறது, அதுவரை மிக வசதி. ஆனால் அந்தப் பாதை தரமணியைத் தாண்டியதும் மேற்கே வேளச்சேரிக்குத் திரும்பிவிடுகிறது. பெருங்குடி என்ற பெயரில் உள்ள நிலையம் ஓ.எம்.ஆர். பெருங்குடியிலிருந்து நடக்கக்கூடிய தூரத்தில் இல்லை. பெயரைப் பார்த்து முன்பணம் கொடுத்துவிட்டுத் தவித்தவர்களை எனக்குத் தெரியும்.

சுங்கத்தைப் பற்றி நீளமாக எழுத இனித் தேவையில்லை. மெட்ரோ பணிகளால் சாலை சுருங்கியதை முன்னிட்டு 2021 ஆகஸ்ட் 30 முதல் நான்கு சாவடிகளிலும், 2023 அக்டோபரில் நாவலூர் சாவடியிலும் வசூல் நிறுத்தப்பட்டது. ஊருக்குள் பால் வாங்கப் போய் வரவும் சுங்கம் கட்டிய நாவலூர், ஏகாட்டூர் மக்களுக்கு அது மிகத் தாமதமாகக் கிடைத்த நியாயம்.

இப்போது இச்சாலையில் வரும் எவரும் முதலில் காண்பது மெட்ரோ தூண்களைத்தான். மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரை 45 கிலோமீட்டருக்கும் மேல் நீளும் மூன்றாம் வழித்தடம் ஓ.எம்.ஆரின் நடுவே உயர்மட்டப் பாதையாக வருகிறது. நீல நிறத் தகடுகளுக்கு நடுவே மூன்று தடங்கள் இரண்டாகி, சில இடங்களில் ஒன்றரையாகி, மழைக்காலத்தில் பள்ளமும் சேறுமாக, 2008-இல் நாற்பது நிமிடமாக இருந்த என் பயணம் திரும்பவும் ஒன்றேகால் மணியைத் தொட்டிருக்கிறது. இருந்தும் இந்தப் பணியை நான் முழு மனத்தோடு வரவேற்கிறேன். இணைச் சாலைக்கு இடமில்லாத பட்டையில் மேலே போவதைத் தவிர வேறு வழி கிடையாது. நிலையங்களின் படிக்கட்டுகள் சாலையின் இருபுறமும் இறங்குமாறு அமைந்து, பயணச்சீட்டு இல்லாதவரும் அவற்றின் வழியே கடக்க அனுமதிக்கப்பட்டால், காரப்பாக்கத்தின் அந்த வளைந்த கம்பியை இனி யாரும் பிடிக்க வேண்டியிருக்காது. இந்த ஒன்றை மட்டும் திட்டமிடுவோர் விட்டுவிடக்கூடாது என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

உணவைப் பொறுத்தவரை கவலை வேண்டாம். பெரிய உணவகங்களை விட, கந்தன்சாவடி, காரப்பாக்கம், நாவலூர் ஆகிய ஊர்களின் உள்தெருக்களில் வீட்டின் முன்கூடத்தையே மெஸ்ஸாக்கி நடத்துபவர்களிடம் சாப்பாடு நன்றாக இருக்கும். பெருந்தொற்றில் அலுவலகங்கள் மூடியபோது அவர்களில் பலர் கடையையும் மூடிவிட்டு ஊருக்குப் போய்விட்டார்கள்; திரும்பி வந்தவர்களைத் தேடிப் போய் ஆதரிப்பது நம் கடமை என்று நான் கருதுகிறேன்.

அண்ணன் மகளுக்கு நான் கடைசியில் சொன்னது இதுதான். முதல் ஓராண்டுக்கு வீடு வேண்டாம், நாவலூரிலோ படூரிலோ பெண்கள் விடுதி ஒன்றில் சேர்ந்துகொள்; சிறுசேரிக்கு அங்கிருந்து நெரிசலில் சிக்காமல் போய்விடலாம். அலுவலகம் சாலையின் எந்தப் பக்கம் இருக்கிறதோ அதே பக்கத்தில் தேடு. முன்பணம் கொடுக்கும் முன், தெருவில் நெடுநாளாக இருக்கும் ஒரு மளிகைக்கடைக்காரரிடம், 2015-இலும் 2023-இலும் தண்ணீர் எந்தப் படி வரை ஏறியது என்று கேள். அவர் கை காட்டும் உயரத்தைச் சுவரில் நீயே தொட்டுப் பார். ஜெனரேட்டர் எந்தத் தளத்தில் இருக்கிறது என்றும் கேள். அவள் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, "கடைசியா ஒண்ணு அத்தை, ஜன்னல் சீட்டு எந்தப் பக்கம்?" என்றாள். சிறுசேரிக்குப் போகும்போது வலப்பக்கம் உட்கார். ஒக்கியம் மடுவுப் பாலத்தில் பேருந்து மெதுவாகப் போகும், மார்கழியில் நாரைகள் தெரியும் என்றேன்.